மிலுவுக்கு ஒரு பதிவேடு

போன ஆண்டு ஆடி மாதத்தில் ஒரு நாள் காலை எனக்கு முழங்கால் வலி அதிகமாக இருந்தது. அதனால் எங்கள் நாய் மிலுவை நடக்க அழைத்துப் போகும் வேலையை என் மனைவி ஏற்றுக்கொண்டார். முத்தியால்பேட்டை மணிக்கூண்டு வரை நன்றாகத்தான் போயிருக்கிறார்கள். திரும்பும்போது ஒரு பூனை குறுக்கே ஓடியது. மிலு பாய்ந்தான். சங்கிலி நழுவக் கூடாது என்று என் மனைவி அதைக் கையில் இரண்டு சுற்று சுற்றி வைத்திருந்தார். அந்தக் கையோடு கீழே விழுந்தார். வலது மணிக்கட்டில் எலும்பு முறிவு. ஆறு வாரம் மாவுக்கட்டு.

"இந்த வயசுல இடுப்பெலும்பு தப்பிச்சுதே, அதுவே பெருசு" என்றார் டாக்டர். (நாய் வளர்ப்பவர்கள் எல்லோருக்கும் முதல் பாடம் இதுதான். சங்கிலியைக் கையில் சுற்றிக்கொள்ளாதீர்கள். நாய் போனாலும் பிடித்துவிடலாம்.)

அன்று இரவே சென்னையிலிருந்து என் மகன் வந்துவிட்டான். "அம்மா வேணுமா, நாய் வேணுமா, முடிவு பண்ணுங்கப்பா" என்றான். வில்லியனூர்ப் பக்கம் தோப்பு வைத்திருக்கும் ஒருவர் காவலுக்கு நாய் தேடுவதாகவும் சொன்னான். நான் சரி என்று தலையாட்டினேன். உண்மையைச் சொன்னால் எனக்கும் மிலுவோடு போராடிப் போராடி அலுத்துப்போயிருந்தது.

கட்டிலில் கையைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு படுத்திருந்த என் மனைவி மெதுவாகச் சொன்னார்: "கட்டு பிரிக்கிற வரைக்கும் இருக்கட்டுங்க. அதுக்கப்புறம் உங்க இஷ்டம்."

நாற்பத்தேழு வருட இல்லறத்தில் அவர் என்னிடம் கேட்டு வாங்கியவை மிகக் குறைவு. ஆக, மிலுவுக்கு ஆறு வாரம் அவகாசம் கிடைத்தது. எனக்கும்.

மிலு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். 2020-ஆம் ஆண்டு ஊரடங்கு நேரம். எங்கள் வாசல் சாக்கடை ஓரம் இரண்டு மாதக் குட்டி ஒன்று கத்திக்கொண்டிருந்தது. சுத்தமான நாட்டு நாய், செவலை நிறம். நான் பிரெஞ்சு மொழியில் படித்தவன். சின்ன வயதில் படித்த டின்டின் படக்கதைகளில் அவன் கூடவே ஒரு வெள்ளை நாய் வரும். ஆங்கிலத்தில் அதற்கு ஸ்நோயி என்று பெயர். பிரெஞ்சு மூலத்தில் மிலு. நிறம் பொருந்தாவிட்டாலும் அந்தப் பெயரையே வைத்தேன். எதிர் வீட்டு அம்மா "மீலு" என்பார். பால்காரர் "மேலு" என்பார். அவன் எல்லாவற்றுக்கும் வாலாட்டுவான்.

அவன் குட்டியாக இருந்தபோது வீட்டுக்கு யாருமே வரவில்லை. உறவினர் இல்லை, விருந்து இல்லை, தபால்காரரும் கேட்டோடு சரி. நாய்க்குட்டி ஏறக்குறைய மூன்று மாத வயதுக்குள் யாரை, எதைப் பார்த்துப் பழகுகிறதோ அதையெல்லாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளும். அந்த வயதில் பார்க்காததை எல்லாம் பிற்பாடு சந்தேகத்தோடு பார்க்கும். இது எனக்கு அப்போது தெரியாது. எங்கள் இருவர் முகத்தை மட்டும் பார்த்து வளர்ந்த பிள்ளைக்கு ஊரடங்கு முடிந்ததும் உலகமே அந்நியமாகிவிட்டது.

நான்கு வயதில் அவனுடைய குற்றப்பட்டியல் இது. கேட் அருகில் யார் நின்றாலும் தொண்டை கிழியக் குரைப்பான். தெரிந்தவர் உள்ளே வந்தால் மார்மேல் காலைத் தூக்கிப் போடுவான். நடக்கப் போனால் சங்கிலியை இழுத்துக்கொண்டு முன்னால் ஓடுவான். செருப்பு, துடைப்பம், என் மூக்குக்கண்ணாடிக் கூடு என்று ஒன்றையும் விடாமல் கடிப்பான்.

என்னுடைய வைத்தியம் ஒன்றே ஒன்றுதான். அதட்டல். அதற்கும் மசியாவிட்டால் சுருட்டிய செய்தித்தாள்.

மனைவி விழுந்த மூன்றாம் நாள் சிலிண்டர் கொண்டுவந்தவரைப் பார்த்து மிலு குரைத்தான். எனக்கு இருந்த ஆத்திரத்தில் கைத்தடியை எடுத்து இரண்டு போட்டேன். அவன் கட்டிலுக்கு அடியில் போய்ப் பதுங்கினான். நான் விடவில்லை. குனிந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து வெளியே இழுத்தேன். நான்கு வருடத்தில் முதல் முறையாக என்னைப் பார்த்து உறுமினான். அடுத்த நொடி பல் என் கையில் பட்டது. இரண்டு பொட்டு ரத்தம்.

குழாயடியில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவினேன். மிலுவுக்கு வருடா வருடம் வெறிநோய்த் தடுப்பூசி போடுகிறோம். இருந்தாலும் இதில் விளையாடக் கூடாது என்று அரசு மருத்துவமனைக்குப் போனேன். நீங்களும் போங்கள். சின்னக் கீறல்தானே என்று மஞ்சளோ சுண்ணாம்போ வைத்துக்கொண்டு வீட்டில் உட்காராதீர்கள். வெறிநோய் வந்துவிட்டால் பிழைப்பது ஏறக்குறைய இல்லை; வருமுன் ஊசி போட்டால் தடுத்துவிடலாம்.

ஊசிக்கு வரிசையில் உட்கார்ந்திருந்தபோது பள்ளிக்கூடத்துப் பாடம் ஒன்று ஞாபகம் வந்தது. லூயி பாஸ்டர் பற்றிய பாடம். 1885 ஜூலை 6 அன்று, வெறிநாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அவருடைய தடுப்பு மருந்து முதன்முதலாகப் போடப்பட்டது. பெயர் ஜோசப் மைஸ்டர், அல்சாஸ் பகுதியைச் சேர்ந்தவன். பையன் பிழைத்தான். அந்தக் கதையில் நாய்க்கு வெறி பிடித்திருந்தது. என் கதையில் வெறி பிடித்திருந்தது யாருக்கு? ஒளிந்துகொண்ட பிராணியை நான்தான் வெளியே இழுத்தேன். போக வேறு வழி இல்லாதபோது அது பல்லைக் காட்டியது. அதற்கு வேறு என்ன பாஷை தெரியும்?

பள்ளிக்கூடம் என்றதும் இன்னும் இரண்டு பேர் ஞாபகத்துக்கு வந்தார்கள்.

1950-களின் கடைசியில் பிரெஞ்சுப் பள்ளியில் சேர்ந்தவன் நான். 1962 ஆகஸ்ட் 16 அன்று புதுவை சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்தபோதும் எங்கள் வகுப்பில் பாடம் பிரெஞ்சில்தான் நடந்தது. ஒரு ஆசிரியர் இருந்தார். வகுப்பில் பேசினால் மர ரூலால் விரல் முட்டியில் அடிப்பார். அதற்கு மேல் "லீஞ்" கொடுப்பார். அதாவது, "நான் இனி வகுப்பில் பேச மாட்டேன்" என்று பிரெஞ்சில் நூறு முறை எழுதி வர வேண்டும். நாங்கள் என்ன கற்றுக்கொண்டோம் தெரியுமா? இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டினால் ஒரே நேரத்தில் இரண்டு வரி எழுதலாம் என்று கற்றுக்கொண்டோம். பேசுவதை நிறுத்தவில்லை. அவர் திரும்பி நிற்கும்போது பேசினோம்.

இன்னொரு ஆசிரியை. அவர் அடித்து நான் பார்த்ததில்லை. அவருடைய மேசை இழுப்பறையில் சின்னச் சின்ன அட்டைத் துண்டுகள் இருக்கும். அதற்குப் பெயர் "போன் புவேன்". நல்ல புள்ளி என்று சொல்லலாம். ஒழுங்காக உட்கார்ந்தால் ஒன்று. கேள்விக்குப் பதில் சொன்னால் ஒன்று. பத்து சேர்ந்தால் ஒரு வண்ணப்படம் கொடுப்பார். பிரெஞ்சுப் பள்ளிக்கூடங்களில் பழைய வழக்கம் அது. அந்த ஒரு துண்டு அட்டைக்காக நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அந்த வகுப்பில் படித்த செய்யுள்கள் எனக்கு இன்றைக்கும் மனப்பாடம்.

மிலுவுக்கு நான் நான்கு வருடமாக ரூல் ஆசிரியராக இருந்திருக்கிறேன் என்பது அந்த மருத்துவமனை பெஞ்சில்தான் உறைத்தது.

மறுநாள் மிலுவைக் கால்நடை மருத்துவரிடம் கூட்டிப்போனேன். இளம் பெண் டாக்டர். "திடீர்னு உறுமுற நாய்க்கு முதல்ல உடம்புல எங்கயாவது வலி இருக்கான்னு பாக்கணும் ஐயா" என்றார். பார்த்தார். இடது காதுக்குள் புண். தலையைத் தடவ யார் கையை நீட்டினாலும் அவன் ஏன் முகத்தைத் திருப்பினான் என்பது அப்போதுதான் விளங்கியது. காதுக்குச் சொட்டு மருந்து எழுதிக்கொடுத்தார். "மத்ததுக்கு மருந்து இல்ல. அவன் எப்ப, என்ன செய்யறான்னு ஒரு வாரம் கவனிச்சு எழுதிட்டு வாங்க" என்றார்.

முப்பத்தேழு வருடம் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவனிடம் "எழுதிட்டு வாங்க" என்றால் கேட்க வேண்டுமா! இருநூறு பக்க நோட்டு ஒன்று வாங்கினேன். அட்டை போட்டேன். ஐந்து கட்டங்கள் கிழித்தேன். தேதி, நேரம், முன்னால் நடந்தது, மிலு செய்தது, பிறகு நாங்கள் செய்தது.

முதல் பக்கத்திலிருந்து சில பதிவுகளை அப்படியே தருகிறேன்.

காலை 6.10. பால்காரர் மணி அடித்தார். மிலு குரைத்தான். மனைவி "வேணாண்டா கண்ணு" என்று இடது கையால் பிஸ்கட் போட்டார்.

காலை 7.30. நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். மிலு என் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடினான். நான் துரத்தினேன். (வாலாட்டிக்கொண்டே ஓடினான்.)

காலை 9.15. எதிர் வீட்டு அம்மா வந்தார். மிலு மேலே தாவினான். அவர் சிரித்துக்கொண்டே தடவிக்கொடுத்தார். நான் "இறங்குடா" என்று அதட்டினேன்.

மாலை 5.40. நடை. சங்கிலியை இழுத்தான். நான் பின்னால் ஓடினேன்.

ஒரு வாரத்தில் நாற்பதுக்கும் மேல் பதிவுகள் சேர்ந்தன. ஞாயிற்றுக்கிழமை இரவு மேசையில் உட்கார்ந்து மொத்தத்தையும் பார்த்தேன். அலுவலகத்தில் ஒரு கோப்பைப் புரட்டும்போது தவறு எந்த இடத்தில் நடந்தது என்று ஒரு கட்டத்தில் பளிச்சென்று தெரியும். அதுபோல ஐந்தாவது கட்டம் என்னைப் பார்த்துச் சிரித்தது. குரைத்தால் பிஸ்கட். தாவினால் தடவல். இழுத்தால் போக நினைத்த இடம். செருப்பைத் தூக்கினால் பேப்பரை வைத்துவிட்டு எழுந்து ஓடிவரும் தாத்தா. அவன் சும்மா படுத்திருந்த நேரங்களுக்கு எதிரே அந்தக் கட்டம் காலி. நல்ல பிள்ளையாக இருந்தால் அந்த வீட்டில் அவனை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

எங்கள் நாய் கட்டுப்பாடு இல்லாத நாய் அல்ல. நாங்கள் சொல்லிக்கொடுத்ததைக் கச்சிதமாகக் கற்றுக்கொண்ட நாய்.

என் பேரனிடம் இதைப் போனில் சொன்னேன். கல்லூரியில் உளவியல் படிக்கிறான். "தாத்தா, இதை 1898-லயே ஒருத்தர் சொல்லிட்டார்" என்றான். எட்வர்ட் தார்ன்டைக் என்ற அமெரிக்கர், பூனைகளைக் கூண்டில் விட்டுப் பார்த்தாராம். எந்தச் செயலுக்குப் பிறகு நல்லது கிடைக்கிறதோ அந்தச் செயல் திரும்ப வரும். கிடைக்காதது மெல்ல மறையும். அவ்வளவுதான் சூத்திரம். 'நாய்க்கு நாமதான் தலைவன்னு காட்டணும், மல்லாத்திப் போட்டு அமுக்கணும்' என்று சிலர் சொல்வது பற்றியும் கேட்டேன். அது கூண்டில் அடைத்த ஓநாய்களைப் பார்த்து வந்த எண்ணம் என்றான். டேவிட் மெக் என்ற ஆராய்ச்சியாளர் 1970-இல் எழுதிய புத்தகம் அதைப் பரப்பியது. காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள் அடங்கிய குடும்பம்தான் என்று பிற்பாடு அவரே எழுதி, தன் பழைய கருத்தைத் திருத்திக்கொண்டாராம். எனக்கு அந்த மனிதர்மேல் மரியாதை வந்தது. எழுதிய குறிப்பைத் தானே திருத்துகிறவர்கள் குறைவு.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன்.

முதலில் மொழிப் பிரச்சினை. நான் "உட்காரு" என்பேன். மனைவி "குந்துடா" என்பார். பேரன் வந்தால் "சிட்" என்பான். எதிர் வீட்டு அம்மா "ஒக்காரு ராஜா" என்பார். ஒரே ஊரில் நான்கு அரசாணைகள்! பாவம், எந்த நாய்க்குப் புரியும்? எல்லோருக்கும் பொதுவாக ஒரே சொல் வேண்டும். வீட்டுப் பேச்சில் அடிக்கடி வந்து விழாத சொல்லாகவும் இருக்க வேண்டும். எனக்கு வழி தெரிந்தது. பிரெஞ்சு! உட்கார "அஸி". படுக்க "கூஷே". அங்கேயே இரு என்பதற்கு "ரெஸ்த்". என் மனைவிக்குக் கல்யாணமான நாளிலிருந்து பிரெஞ்சு சொல்லிக்கொடுக்க முயன்று தோற்றவன் நான். மிலுவின் புண்ணியத்தில் மூன்று சொல் கற்றுக்கொண்டார். சமையலறையிலிருந்து அவர் "கூஷே!" என்று குரல் கொடுத்தால் சில சமயம் நானே படுத்துவிடலாமா என்று தோன்றும்.

அடுத்து போன் புவேன். வேகவைத்த கோழித் துண்டு, நிலக்கடலை அளவு. அதற்கு மேல் வேண்டாம். உப்பு, மசாலா, வெங்காயம் கூடாது. ஒரு சின்ன டப்பாவில் போட்டு மனைவி மடியில் வைத்துவிட்டேன். வலது கை கட்டில் இருக்க, இடது கையால் அவர் அந்த இலாகாவைக் கவனித்தார். நல்லது செய்த உடனே தர வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துத் தந்தால் எதற்கு வந்தது என்று அவனுக்குத் தெரியாது. அந்த அளவுக்கு அவன் சோற்றைக் குறைத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒழுக்கத்தோடு தொப்பையும் வளரும்.

தாவுவதற்கு மருந்து, தூண்போல நிற்பது. அவன் தாவினால் பேசக் கூடாது, தொடக் கூடாது, பார்க்கவும் கூடாது. திரும்பி நின்றுகொள்ள வேண்டும். நான்கு காலும் தரையில் பட்ட நொடியில் "அஸி" சொல்லி, உட்கார்ந்ததும் ஒரு துண்டு. அதட்டுவதும் கையால் தள்ளுவதும்கூட அவனுக்கு விளையாட்டுதான்.

சங்கிலி இழுப்பதற்கு மருந்து, நிற்பது. சங்கிலி விறைத்தால் நான் நின்றுவிடுவேன். தளர்ந்தால் நடப்பேன். முதல் நாள் எங்கள் தெரு முனையைத் தொட இருபத்தைந்து நிமிடம் ஆனது. தெரிந்தவர்கள் "என்ன சார், கால் வலியா?" என்று கேட்டார்கள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். பத்தாம் நாள் சோலை நகர்க் கடற்கரை வரை சங்கிலி தொங்கத் தொங்கப் போனோம். போகிற வழியில் கம்பத்தையும் சுவரையும் அவன் மோந்து பார்க்க நேரம் கொடுத்தேன். முன்பெல்லாம் அவசரப்படுத்தி இழுப்பேன். அரை மணி மோப்பம் பிடித்துவிட்டு வந்த நாய், வீட்டில் செருப்பைத் தேடுவதில்லை. கடிப்பதற்கென்று பழைய துணியை முறுக்கி முடிச்சுப் போட்டுக் கொடுத்தேன். செருப்பு அலமாரிக்குள் போனது. அது அவனுக்குப் பாடம் அல்ல, எங்களுக்கு.

குரைப்புதான் கடினம். கேட்டின் கீழ்ப்பாதியைத் தகரம் வைத்து மறைத்தேன். பார்க்காததைக் குரைக்க வேண்டிய தேவை குறைந்தது. கூடத்தில் ஒரு கோணிச்சாக்கை விரித்து, மணி அடித்தால் அதன்மேல் போய் உட்கார வேண்டும் என்று பழக்கினோம். முதலில் யாரும் வராதபோது நானே வெளியே போய் மணி அடிப்பேன். மனைவி "கூஷே" என்று சொல்லிச் சாக்கில் ஒரு துண்டு போடுவார். ஒரு நாளைக்கு இருபது முறை. எழுபத்தைந்து வயதுக்காரன் தன் வீட்டு மணியைத் தானே அடித்துக்கொண்டு நிற்பதை எதிர் வீட்டு அம்மா என்னவாக நினைத்தாரோ!

ஒரு எச்சரிக்கை. குரைத்தால் பிஸ்கட் கிடையாது என்று நிறுத்தியதும் முதல் மூன்று நாள் குரைப்பு இரண்டு மடங்கானது. நான் மனம் தளர்ந்துவிட்டேன். பிறகு யோசித்தேன். முதல் தேதி வர வேண்டிய ஓய்வூதியம் வரவில்லை என்றால் நாம் சும்மா இருந்துவிடுவோமா? கருவூலத்துக்குப் போய் இன்னும் உரக்கக் கேட்க மாட்டோமா? அவனும் நிலுவையைக் கேட்கிறான். அந்த நேரத்தில் பொறுக்க முடியாமல் ஒரே ஒரு பிஸ்கட் போட்டால், 'விடாமல் கத்தினால் கிடைக்கும்' என்று இன்னும் அழுத்தமாகக் கற்றுக்கொள்வான். நாலாம் நாள் என் மனைவி ஒளித்து ஒரு பிஸ்கட் போட்டதைப் பார்த்துவிட்டேன். அதையும் பதிவேட்டில் எழுதினேன். "இதையுமா எழுதுவீங்க?" என்று இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஆறு வாரம் ஓடியது. கட்டு பிரித்த மறுநாள் சனிக்கிழமை மகன் வந்தான். தோப்புக்காரரிடம் பேசி முடித்து, மிலுவை ஏற்றிக்கொண்டு போகக் காரின் பின் இருக்கையில் பழைய போர்வை விரித்துக் கொண்டுவந்திருந்தான். நான் கேட்டுக்கு வெளியிலேயே அவனிடம் சொன்னேன்: "உள்ள வந்ததும் தூண் மாதிரி நில்லு. வாயத் திறக்காத."

மணி அடித்தது. மிலு நான்கு முறை குரைத்தான். சாக்கை நோக்கி ஓடினான், பாதியில் நின்றான், திரும்பி ஓடிவந்தான். மகன் முன்னால் வந்து அவன் உடம்பு முழுக்க நடுங்கியது. முன்காலைத் தூக்கினான். என் மகன் அசையவில்லை. தூக்கிய காலை வைத்தான். பின்பக்கம் தரையில் பட்டது, எழுந்தது, மறுபடி பட்டது. உட்கார்ந்துவிட்டான். என் மனைவி புதிதாகக் கட்டுப் பிரித்த, இன்னும் விரல் சரியாக மடங்காத வலது கையால் ஒரு துண்டை எடுத்துக் கொடுத்தார்.

மகன் கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. சாப்பிடும்போது பதிவேட்டை வாங்கிப் புரட்டினான். சிரித்தான். "நாய்க்கு இவ்வளவு பொறுமையா சொல்லிக் கொடுத்திருக்கீங்களேப்பா. எனக்குக் கணக்கு சொல்லிக் கொடுத்தப்ப ஸ்கேல் உடஞ்சது ஞாபகம் இருக்கா?"

விளையாட்டாகத்தான் சொன்னான். என் மனைவியும் சிரித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

அன்று இரவு வெகுநேரம் தூக்கம் வரவில்லை. ஏழாம் வகுப்பில் அவன் இரண்டாவது ரேங்க் வாங்கிக்கொண்டு ஓடிவந்தான். முதல் ரேங்க் யாருக்கு என்று கேட்டேன். அவனுக்கு ஒரு பதிவேடு போட்டிருந்தால் அந்த ஐந்தாவது கட்டத்தில் என்ன எழுதியிருப்பேன்? தவறு செய்த நாட்களுக்கு எதிரே பக்கம் பக்கமாக எழுதியிருப்பேன். நன்றாக இருந்த நாட்களுக்கு எதிரே காலி. ரூல் ஆசிரியரை நான் வெறுத்தேன். ஆனால் வீட்டில் எனக்குத் தெரியாமலே அவருடைய ரூலைத்தான் கையில் எடுத்திருக்கிறேன். நல்ல வேளை, என் மகன் உறுமவில்லை. இரண்டு பேனாவைச் சேர்த்துக் கட்டக் கற்றுக்கொண்டு, எனக்கு எது தெரிய வேண்டாமோ அதைச் சொல்லாமலே வளர்ந்துவிட்டான்.

ஞாயிறு மாலை கிளம்பினான். கார்ச் சாவியைக் கையில் எடுத்தபோது சொன்னேன்: "ஏழாம் கிளாஸ்ல நீ ரெண்டாவது வந்தியே, அது நல்ல ரேங்க்டா. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

அவனுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. தலையில் பாதி நரை. சாவியைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான். "சரிப்பா" என்றான். பின் இருக்கையில் விரித்திருந்த போர்வையை எடுத்து மடித்து மிலுவின் சாக்கின்மேல் போட்டுவிட்டுப் போனான்.

மிலு எங்களோடுதான் இருக்கிறான். தீபாவளி வெடிக்கு மட்டும் நாங்கள் எந்தப் பாடமும் நடத்தவில்லை. பயம் ஒழுங்கீனம் அல்ல. உள் அறையில் சன்னலைச் சாத்தி, விசிறியைப் போட்டு, வானொலியை உரக்க வைத்து, நானும் அவன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டேன். யாராவது பக்கத்தில் இருந்தால் பயம் கூடிவிடாது. மனிதனுக்கும் அப்படித்தானே?

பால்காரர் வந்தால் இரண்டு குரைப்பு, பிறகு சாக்கு. தெரிந்தவர் வந்தால் உட்காருகிறான், பத்துக்கு எட்டு முறை. என் மனைவி மறுபடி அவனை நடக்க அழைத்துப் போகிறார். சங்கிலியைச் சுற்றாமல் பிடிக்கிறார். நான் பத்தடி பின்னால் போகிறேன்.

சிலிண்டர்காரரிடம் மட்டும் இன்னும் சமாதானம் ஆகவில்லை. அவர் வந்தால் மிலு குரைத்துவிட்டு ஒரு முறை என் கையைப் பார்க்கிறான், தடி இருக்கிறதா என்று. அந்தக் கணக்கு அவனுக்கும் சிலிண்டர்காரருக்கும் இடையில் இல்லை, அவனுக்கும் எனக்கும் இடையில். பதிவேட்டில் அந்தப் பக்கத்தை நான் இன்னும் முடிக்கவில்லை.